மல்கிரேவில் இறங்காத பந்து

1974ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், மெல்பேர்ன் நகரின் தென்கிழக்கே மல்கிரேவ் மைதானத்தில் அடிக்கப்பட்ட பேஸ்பால் பந்து, 1977ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் கீழே இறங்கியது. இடைப்பட்ட காலம் முழுவதும் அது மைதானத்தின் பின்பகுதிக்கு மேலே, கதிர்காமநாதன் அவர்களின் கணிப்பில் இரண்டு பனை உயரத்தில், அசையாமல் நின்றது. அதே ஆண்டுகளில் அவ்வூரில் முட்டைக்கோசின் விலை இரு தடவை ஏறியது. காய்கறித் தோட்டங்கள் இருந்த இடங்களில் செங்கல் வீடுகள் எழுந்தன. வீதியோரத்துச் சவுக்கு மரங்கள் வெட்டப்பட்டன. பந்தைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் ஊர் மக்கள் ஒரே குரலில், ஒரே அளவு நேரம் பேசினார்கள்.

கதிர்காமநாதன் அவர்கள் 1972இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு பொறியியல் அலுவலகத்தில் படவரைஞராகப் பணியேற்றவர். மிகுந்த கூச்சம் உடையவர். பேருந்தில் யாரேனும் தம் காலை மிதித்துவிட்டால் தாமே மன்னிப்புக் கேட்டுக்கொள்பவர். வந்த முதற் குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை, மழைத் தூறலில் மைதானத்தின் வேலியோரமாக நின்றவரை, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த டொறத்தி என்னும் அம்மையார் கையசைத்து உள்ளே அழைத்து, ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, மரப்பலகை ஒன்றின் நுனியில் உட்காரவைத்தார். அந்நாட்டில் அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் அவருடன் பேசியது அதுவே முதல் தடவை. அன்று களத்தில் தோற்றுக்கொண்டிருந்த அணி, மல்கிரேவ் கொக்கட்டூஸ். மறு சனிக்கிழமையும் அவர் சென்றார். அணி மறுபடியும் தோற்றது. இவ்வாறு அவர் ஓர் அணியின் இரசிகரானார். அவரது பெயரை முழுவதுமாகச் சொல்ல இயலாத பலகைக்காரர்கள் அவரை நேத்தன் என்றழைத்தார்கள். கழகத்து உறுப்பினர்களின் கோப்பைகளில் கொக்கட்டூ என்னும் வெள்ளைக் கிளி ஒன்று தீட்டப்பட்டிருக்கும். விருந்தினர் கோப்பைகளில் ஒன்றும் இராது. உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகிவிடும் என்று எண்ணி, அவர் ஆண்டுக்கணக்கில் வெறுங்கோப்பையிலேயே அருந்தினார்.

கொக்கட்டூஸ் அணி அதுவரை எந்த ஆண்டும் கிண்ணம் வென்றதில்லை. 1974இல் மற்ற அணிகளில் பாதிக்குக் கூகைக்கட்டு நோய் கண்டு கன்னம் வீங்கியதால் அது இறுதிப் பந்தயம் வரை வந்துவிட்டது. எதிரணி, துறைமுகத் தொழிலாளரின் பெலிக்கன்ஸ். கடைசிச் சுற்றில் கொக்கட்டூஸ் மூன்றுக்கு நான்கு என்று ஒரே ஓட்டத்தால் பின்தங்கியிருந்தது, இருவர் ஆட்டமிழந்திருந்தனர், இருவர் ஓடக் காத்து நின்றனர். மட்டையாளர் ஓங்கி அடித்தார். பந்து மிக உயரமாக எழுந்து பின்களத்தை நோக்கிச் சென்றது. கிரிக்கெட்டைப் போலவே, ஏந்திப் பிடித்துவிட்டால் மூன்றாமவரும் ஆட்டமிழந்து எல்லாம் முடிந்தது; நிலத்தில் விழுந்துவிட்டால் இருவரும் ஓடிவந்து சேர, வெற்றி மல்கிரேவுக்கு. பந்துக்கு நேர் கீழே, பெலிக்கன்ஸின் மனோலி என்ற கிரேக்க இளைஞர் கையுறையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் எந்தப் பந்தையும் தவறவிட்டதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

அவ்வேளையில் கதிர்காமநாதன் கண்களை மூடி, வீட்டுக் குசினியில் குளிர்சாதனப் பெட்டியின்மேல் எழுந்தருளியிருக்கும் பித்தளைப் பிள்ளையாரை மனதில் நிறுத்தி, ஒரு தேங்காய் நேர்ந்தார். அணி வெல்ல வேண்டும் என்று கேட்டிருந்தால் இக்கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் கடவுளிடம் பெரிதாகக் கேட்பது மரியாதையல்ல என்று சிறு வயது முதல் பழகியவர் அவர். பரீட்சைக் காலத்தில்கூடச் சித்தி அடைய வேண்டும் என்று கேட்காமல், பேனாவில் மை தீரக்கூடாது என்று மட்டும் கேட்டவர். ஆகவே அன்றும், “பிள்ளையாரப்பா, இந்தப் பந்து அந்தப் பெடியன்ர கையில விழக்கூடாது” என்று மட்டும் வேண்டிக்கொண்டார். கண்களைத் திறந்தபோது பந்து வானத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஓடியவர்கள் ஓடிமுடித்து, ஹோம் பிளேட் எனப்படும் வெள்ளைப் பலகையை மிதித்துவிட்டு மேலே பார்த்தார்கள். அவர்களுடைய ஓட்டங்கள் சேருமா என்பது பந்தின் கையில் இருந்தது. நடுவர், தபால் கந்தோரில் வேலைசெய்து வந்த நெடிய மனிதர், விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை ஆட்டத்தை நிறுத்த நடுவருக்கு அதிகாரம் இல்லை என்று அதில் கண்டிருந்தது. ஆகையால் அவர் ஒரு மடக்குக் கதிரையை வரவழைத்து அமர்ந்தார். பின்னர் தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்றபோது அதற்குரிய விருந்தும் அங்கேயே நடந்தது. ஏனைய ஆட்டக்காரர்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லாமையால் இருட்டியதும் வீடு சென்றார்கள். மனோலி மட்டும் செல்லவில்லை. அவர் நகர்ந்த கணத்தில் பந்து விழுந்துவிட்டால் பெலிக்கன்ஸ் தோற்றுவிடும். அவர் ஒரு கான்வாஸ் கட்டிலை வாங்கி, பந்துக்கு நேர் கீழே போட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டார். தொழிற்சங்கம் அதனை வேலைக்கு வந்த நாளாகவே ஏற்றுக்கொண்டது.

வீட்டில் சர்ச்சை வேறுவிதமாக இருந்தது. தேங்காய் அந்நாட்களில் மெல்பேர்னில் இலகுவில் அகப்படும் பொருளல்ல. சந்தைக்குப் பலமுறை அலைந்து வாங்கிய ஒரேயொரு பீஜித் தீவுத் தேங்காயைக் கதிர்காமநாதன் பிள்ளையாருக்கு அருகில் வைத்திருந்தார். அவருடைய மனைவி இரஞ்சிதம், வந்த நாள் முதல் பெட்டியில் அடைத்த உலர்ந்த தேங்காய்த் தூளில் சமைத்துச் சலித்தவர். அந்தத் தேங்காயைக் காணும்போதெல்லாம் அவருக்குப் பச்சைத் தேங்காயில் இடித்த சம்பலின் நினைவு வந்தது.

“என்னப்பா, பந்து இறங்கினதோ?”

“இல்லை.”

“அப்ப அந்தத் தேங்காயைத் துருவுவமே? எவ்வளவு நாளைக்கு அவரும் அதைப் பாத்துக்கொண்டிருக்கிறது?”

“நேர்ந்த சாமான் இரஞ்சிதம். தொடப்படாது.”

“நேர்ந்தனீங்கள் எண்டால் உடையுங்கோவன். உடைக்கவும் மாட்டியள், தரவும் மாட்டியள். நல்ல பக்தர்தான்.”

பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்பித்த சென்னைக்காரர் பார்த்தசாரதி, ஞாயிறு மாலைகளில் அங்கு தேநீருக்கு வருபவர், இதில் இரஞ்சிதத்தின் பக்கம் நின்றார். “நாதன் சார், நீங்க கேட்டது என்ன? கையில விழக்கூடாது. விழலை. அவர் வேலையை அவர் முடிச்சுட்டார். இப்போ பாக்கி உங்க பக்கம்தான்.”

“வெல்லேல்லையே, ஐசே.”

“ஜெயிக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே சார். இட்லி மட்டும் ஆர்டர் பண்ணிட்டு, சட்னி வரலைன்னு சர்வரைத் திட்டுற மாதிரி இருக்கு.”

பந்து விழாமல் தேங்காயை உடைத்தால், இவ்வளவே போதும் என்று பிள்ளையாருக்குச் சொன்னதாகிவிடும் என்று கதிர்காமநாதன் அஞ்சினார். அவருக்கு வேண்டியது கிண்ணம். அந்தப் பலகையின் நுனியில் உட்கார்ந்து, தமக்கு அருகில் இருப்பவர்கள் ஒரு தடவையேனும் தொப்பியை வானத்தில் எறிவதைப் பார்க்க வேண்டும். தாமும் எறிய வேண்டும். அதற்கென்றே ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வைத்திருந்தார்.

ஆண்டுகள் சென்றன. அடுத்த பருவங்களின் ஆட்டங்கள் பக்கத்துப் புல்வெளிக்கு மாற்றப்பட்டன. 1975இல் மாநகரசபை ஒரு பொறியியலாளரை அனுப்பியது. அவர் அண்ணாந்து பார்த்து, பந்து சபைக்குச் சொந்தமான எந்தக் கட்டடத்திலும் தங்கியிருக்கவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மாக்பை பறவைகள் அதன்மேல் அமர்ந்து பாடின. குளிர்காலக் காலைகளில் அதிலிருந்து பனிநீர் சொட்டியது. மனோலி அதனைக் கன்னத்தில் ஏந்தியே துயிலெழுந்தார். கதிர்காமநாதன் வேலைக்குச் செல்லும் வழியில் வேலியருகே நின்று பார்ப்பது வழக்கமாயிற்று. முதலில் பந்தை மட்டும் பார்த்தார். பிறகு கீழே கிடப்பவரை. பிறகு, தம்மால் ஒருவர் திறந்தவெளியில் கிடக்கிறார் என்ற எண்ணம் உறுத்தவே, ஒரு நாள் தூக்குச்சட்டியில் இடியப்பமும் சொதியும் எடுத்துச் சென்றார். மனோலி வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே உண்டு, நூலால் செய்த உணவை இதற்கு முன் சாப்பிட்டதில்லை, இன்னும் இருக்கிறதா என்று வினவினார். அதன்பின் வாரம் ஒருமுறை கொடுத்தனுப்பிய இரஞ்சிதம், எதிரணிக்காரனுக்குச் சாப்பாடு கட்டும் ஒரே பெண் உலகத்தில் தாமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். 1976இல் மனோலிக்கும் வூலா என்ற பெண்ணுக்கும் கட்டிலுக்கு அருகிலேயே திருமணம் நடந்தது. பாதிரியார் மணமகனை நோக்கிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் மேலே பார்த்தவாறே சம்மதம் தெரிவித்தார். மணமகள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்தத் திருமண விருந்தில்தான் கதிர்காமநாதன் தமது நேர்த்தியைப் பற்றி மனோலியிடம் மிகுந்த தயக்கத்தோடு கூறினார். மனோலி சிரித்தார். எதிர்ப்பக்கப் பலகையில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த தம் தாயாரைக் கைகாட்டி, அன்று அம்மாவும் புனித நிக்கொலாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்ததாகச் சொன்னார். அந்த அம்மையாரும் பெரிதாகக் கேட்பவர் அல்லர். பந்து நிலத்தில் விழக்கூடாது என்று மட்டும் கேட்டிருந்தார்.

இதைக் கேள்வியுற்ற பார்த்தசாரதி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அதானே பார்த்தேன். உங்காள் கையில விழாம பிடிச்சிருக்கார், அவங்காள் தரையில விழாம பிடிச்சிருக்கார். ரெண்டு பேரும் குடுத்த வாக்கைக் காப்பாத்துறாங்க. நடுவுல அந்தப் பந்து பாவம் எங்க சார் போகும்?”

“அந்த அம்மாவைக் கேட்டுப் பாருங்கோவன்,” என்றார் இரஞ்சிதம். “அவ தன்ரயை விட்டுக்குடுத்தா எல்லாம் சரிதானே.”

“‘நீங்கள் உங்கடயை விட்டுக்குடுத்தாலும் சரிதானே’ எண்டு அவ கேட்டால்?”

இருந்தும் கதிர்காமநாதன் மறு சனிக்கிழமை எதிர்ப்பக்கப் பலகைக்குச் சென்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வணங்கி நின்றார். அம்மையாருக்கு ஆங்கிலம் அதிகம் வராது; அவருக்குக் கிரேக்கம் அறவே வராது. இருவரும் வானத்தை ஒருமுறையும் ஒருவரையொருவர் ஒருமுறையும் பார்த்தார்கள். அம்மையார் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து நாக்கால் ஓர் ஒலி எழுப்பினார். அது இல்லை என்று பொருள்படும். பின்பு ஓர் எள்ளு உருண்டையைக் கொடுத்தார். அவர் நன்றி கூறித் திரும்பினார்.

1977ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமைக் காலை, கதிர்காமநாதன் வழக்கம்போலத் தூக்குச்சட்டியோடு வேலியைக் கடந்தபோது, மனோலி எழுந்து நின்றுகொண்டிருந்தார். வூலாவுக்குப் பிரசவ நோவு கண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அயல்வீட்டுக்காரர் வேலியோரமாக வந்து கூவிவிட்டுப் போயிருந்தார். துறைமுகத்திலிருந்து யாராவது வந்து சேர மத்தியானமாகிவிடும். மனோலி தம் கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். நான் மற்றப் பக்கத்து ஆள் அல்லவா என்று கதிர்காமநாதன் நினைவூட்டினார்.

“தெரியும், நேத்தன். அதனால்தான் உன்னிடம் தருகிறேன்,” என்றார் மனோலி. “எங்கள் ஆட்களிடம் கொடுத்தால் கோட்டை விட்டுவிடுவான்கள். விழுந்தால் பிடி. விழாது, நோ வொரிஸ்.”

அவர் ஓடினார். தரையைப் பார்த்து ஓடிப் பழக்கம் விட்டுப்போயிருந்தமையால் இரு தடவை இடறினார். கதிர்காமநாதன் கையுறையை அணிந்துகொண்டு கட்டிலருகே நின்றார். கையுறைக்குள் இன்னும் சூடு இருந்தது. மனோலி வாயிலைக் கடந்து மறைந்ததும், பந்து, நெடுநேரம் மாடியில் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் படியிறங்கும் ஒருவரைப்போல, இறங்கத் தொடங்கியது.

விரைவாக இறங்கவில்லை. ஆகையால் சிந்திப்பதற்கு அவருக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. கையை இழுத்துக்கொண்டால் போதும், பந்து புல்லில் விழும், கொக்கட்டூஸ் வென்றுவிடும், தொப்பியை எறியலாம். கேட்பார் யாரும் இல்லை. ஹோம் பிளேட்டின் பின்னால் நடுவர் மட்டும் கதிரையிலிருந்து எழுந்து, நெடுங்காலமாகக் கொக்கியில் தொங்கிய முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். கதிர்காமநாதன் பிள்ளையாரை நினைத்தார். இம்முறை ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. விழுந்தால் பிடி என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பிப் பார்க்காமல் ஓடினாரே என்பது மட்டுமே நினைவில் இருந்தது. அவர் இரு கைகளையும் நீட்டினார். வாழ்நாளில் எந்தப் பந்தையும் பிடித்திராத அவருடைய கைக்குள் அது வந்து அமர்ந்தது. பனிக்கட்டிபோலக் குளிர்ந்திருந்தது. தையலில் ஒரு மாக்பை இறகு சிக்கியிருந்தது. தமது அணியைத் தமது கையாலேயே தோற்கடித்துவிட்டோம் என்று உணர்ந்து, அவர் அதே இடத்தில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

நடுவர் மைதானத்தின் குறுக்கே நடந்துவந்தார். பந்தைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். எந்த அணி என்று கேட்டார்.

“பெலிக்கன்ஸுக்காகப் பிடித்தேன், ஐயா,” என்றார் கதிர்காமநாதன்.

“யாருக்காகப் பிடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த அணி என்று கேட்டேன்.”

கதிர்காமநாதனுக்கு அந்தக் கேள்வியால் எப்போதும்போல் கூச்சம் வந்தது. தாம் உறுப்பினர் அல்லர் என்றும், சனிக்கிழமைகளில் பலகையின் நுனியில் உட்கார அனுமதிக்கப்படுபவர் மட்டுமே என்றும் சொல்லத் தொடங்கினார். நடுவர் கையை உயர்த்தினார். மாற்று ஆட்டக்காரர் எவரையும் பெலிக்கன்ஸ் தம்மிடம் அறிவிக்கவில்லை என்றார். இந்த மனிதரைத் தாம் இத்தனை குளிர்காலமும் மழையிலும் வெயிலிலும் அதே பலகையில் பார்த்துவந்ததாகவும், இவர் மல்கிரேவ்காரர் என்பதில் தமக்கு எள்ளளவும் ஐயம் இல்லை என்றும் சொன்னார். மல்கிரேவ்காரர் பிடித்த பந்தால் மல்கிரேவ் மட்டையாளர் ஆட்டமிழக்க முடியாது. பிறகு, மைதானத்தில் கேட்பதற்கு வேறு எவரும் இல்லாதபோதிலும், முழுக் குரலில் முடிவை அறிவித்தார்: ஐந்துக்கு நான்கு, வெற்றி கொக்கட்டூஸ். அறிவித்துவிட்டுக் கதிரையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பெலிக்கன்ஸ் அணியினர் சற்று முணுமுணுத்தார்கள். மனோலி முணுமுணுக்கவில்லை; அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார், பந்து நிலத்தில் விழவில்லை என்பதை நடுவரிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டு, நேர்ந்த மெழுகுவர்த்தியை ஏற்றினார். அடுத்த சனிக்கிழமை கொக்கட்டூஸ் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் கூடினார்கள். அன்று அடித்த மட்டையாளருக்கு இப்போது சிறிது தொந்தி விழுந்திருந்தது. அவர்கள் தொப்பிகளை எறிந்தார்கள். கதிர்காமநாதனும் எறிந்தார், அது பின்னால் சென்று பார்த்தசாரதியின் தேநீரில் விழுந்தது.

பின்பு அவர் ஹோம் பிளேட்டின்மேல் தேங்காயை ஓங்கி உடைத்தார். இத்தனை ஆண்டுகள் கடந்தும் அது அன்று காலை பறித்ததுபோல இளநீர் தெறித்துச் சிதறியது. கொக்கட்டூஸ்காரர்கள், இது எந்த விதியின்கீழ் வருகிறது என்று வினவாமல், ஆளுக்கொரு துண்டு பொறுக்கித் தின்றார்கள். இரஞ்சிதம் கைப்பையோடு குனிந்து, பெரிய துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினார்.

“அதையும் விடமாட்டீரோ?” என்றார் கதிர்காமநாதன்.

“பிள்ளையாருக்குக் குடுத்தாச்சு. மிச்சம் எனக்கு. இண்டைக்கு இரவு சம்பல்,” என்றார் இரஞ்சிதம். “சாரதித் தம்பி, நீங்களும் வாங்கோ. தொப்பி விழுந்த தேத்தண்ணியைக் குடிக்காதேங்கோ.”

டொறத்தி அம்மையார் புதுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கதிர்காமநாதன் பாதி குடித்த பிறகே கோப்பையைக் கவனித்தார். அதில் தீட்டியிருந்த வெள்ளைக் கிளியின் கொண்டை சிறிது உரிந்திருந்தது. அவர் மிச்சத் தேநீரை மெதுவாகக் குடித்தார்.

பந்தைக் கழக மண்டபத்தின் கண்ணாடி அலமாரியில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அது தட்டில் படிவதில்லை. ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. அலமாரியைச் சுத்தம்செய்பவர்கள் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து மறுபடி வைப்பார்கள். பந்தை எடுப்பதில்லை, துணியை அதற்கு அடியால் விட்டுத் துடைத்துவிடுவார்கள்.